கரியாவுக்குத் தெரிந்த சொல்

“சூ!” என்றாள் என் மகள்.

வலது கையில் ஒரு ஜல்லிக்கல். இடது கையை நீட்டி, விரலைக் காட்டி, நான் சொல்லிக் கொடுத்ததில் ஒரு பிசகும் இல்லாமல் இன்னொரு முறையும் சொன்னாள். “சூ! சூ!”

ஸ்கூல் வேன் வந்து நிற்கும் இடம் அது. சர்வீஸ் ரோட்டோரம், சிக்கன் கடையை ஒட்டி. முந்தின நாள் மழையில் ஊறிய கோழி இறகின் வாடையும், டீக்கடையில் இஞ்சி நசுக்குகிற வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறின. நான் இருபதடி தள்ளி, அவள் மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு, அவளைத் திட்டியபடியே வந்துகொண்டிருந்தேன்.

கறுப்பு நாய். பேர் கரியா. என் மகள் கத்தியதும் அதன் காது இரண்டும் நட்டமாக எழுந்தன. சரி, ஓடப் போகிறது என்று நினைத்தேன். ஓடத்தான் செய்தது. என் மகளைத் தாண்டி, பயந்து ஓட ஆரம்பித்திருந்த ரம்யாவின் மேல்.

ரம்யாவுக்கு ஐந்து வயது. என் சிநேகிதி தனலட்சுமியின் ஒரே பிள்ளை. அவள் போட்ட அலறலில் சிக்கன் கடைக்காரர் கத்தியோடு வெளியே ஓடி வந்தார். அதற்குள் நாய் கடித்த காலை விட்டுவிட்டது. விட்டுவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு என் மகளைத் திரும்பிப் பார்த்தது. சொன்ன வேலையைச் செய்துவிட்டேன், சரிதானே என்று கேட்கிற பார்வை.

அந்தப் பார்வையை என்னால் மறக்க முடியவில்லை.

ஒன்பது வீடு, ஒரு குழாய்

மேற்கொண்டு போவதற்கு முன் நாங்கள் இருந்த லைன் வீட்டைச் சொல்லியாக வேண்டும். இந்தத் தொடரில் நான் எந்த விஷயத்துக்கும் நேராகப் போனதே இல்லை என்று ஒரு வாசகி கடிதம் எழுதியிருக்கிறார். வாஸ்தவம்தான் தாயே. கம்பெனி பஸ்கூட நேராகப் போகாத ஊரில் பிழைத்தவள் நான்.

சூளகிரியில் ஹைவேயை விட்டுக் கொஞ்சம் உள்ளே இறங்கினால் அந்த இடம். ஒரு பக்கம் புதிதாக எழும்பிய கம்பெனி காம்பவுண்டுகள், மறுபக்கம் தக்காளியும் கேழ்வரகும். நடுவில் ஒரே வரிசையாக ஒன்பது வீடு, மேலே சிமெண்ட் ஷீட், எல்லாருக்கும் சேர்த்து ஒரு குழாய். நாங்கள் கோவில்பட்டிப் பக்கம். தனம் மத்தூர்க்காரி. மற்ற வீடுகளில் திருவண்ணாமலை, பெரம்பலூர், ராமநாதபுரம் என்று கலந்துகட்டி ஆட்கள். காலையில் குழாயடியில் நின்றால் தமிழ்நாட்டின் பாதிப் பேச்சு காதில் விழும்.

வீட்டுச் சொந்தக்காரி நாகம்மா எங்களைவிடப் பத்து வயது மூத்தவர். பிறந்தது கர்நாடக எல்லையை ஒட்டிய பேரிகை. புருஷனோடு தெலுங்கு, மாட்டோடும் நாயோடும் கன்னடம், எங்களோடு தமிழ். கோபம் வந்தால் மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். கரியா அவர் வளர்த்த நாய்தான். பேரிகையில் தம்பி வீட்டுத் தோட்டத்தில் காவல் இருந்த நாய்க்குப் பிறந்த குட்டி. ராத்திரி தக்காளிக் காட்டில் பன்றி விரட்டும். பகலில் சிக்கன் கடை வாசலில் படுத்துக் கிடக்கும். எங்கள் பிள்ளைகள் யாரையும் அதுவரை ஏறிட்டுப் பார்த்ததுகூட இல்லை.

என் மகளுக்குக் குலசாமி பேரை வைத்து இசக்கி என்று கூப்பிட்டோம். வேன் டிரைவர் வாயில் அது ‘இஸ்க்கி’ ஆனது. லைனில் இருந்த வாலுகள் அதை விஸ்கி ஆக்கிவிட்டார்கள். அழுதுகொண்டே வீட்டுக்கு வருவாள். அவளை ஒழுங்காக இசக்கி என்று கூப்பிட்ட ஒரே ஆள் ரம்யா. அதற்காகவே இவள் ரம்யாவின் கையை விடமாட்டாள். ஏழு வயதுக்காரி ஐந்து வயதுக்காரியைப் பொறுப்பாகக் கூட்டிக்கொண்டு போவதைப் பார்த்து நானும் தனமும் ரொம்பப் பெருமைப்பட்டோம். அந்தப் பெருமையில்தான், வேன் வரும்வரை பெரியவர்கள் யாராவது ஒருத்தர் கூட நிற்க வேண்டும் என்ற புத்தி எங்களுக்கு வராமல் போனது.

தனமும் நானும் ஒரே கம்பெனியில், ஒரே மேஜையில் வேலை. பிரேக்கில் வரும் ஒரு இரும்பு பாகத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓட்டை, கீறல் ஏதும் இல்லை என்றால் பெயிண்ட் மார்க்கரால் ஒரு புள்ளி வைப்போம். புள்ளி வைத்தால் பாஸ் என்று அர்த்தம். ஒவ்வொருத்திக்கும் ஒரு கலர். எனக்கு மஞ்சள், தனத்துக்குப் பச்சை. வெளியே போன பீஸ் தப்பு என்று திரும்பி வந்தால் சூப்பர்வைசர் கேட்கிற முதல் கேள்வி, “யாரு புள்ளி?” என்பதுதான். தனத்தின் மார்க்கர் எப்போதும் ஒழுகும். அவள் விரலும் சுடிதார் ஓரமும் பச்சையாகவே இருக்கும். “உனக்கு வளைகாப்பு வச்சா வளையலே வேண்டாம்டி, மார்க்கர் போதும்” என்று கேலி செய்வேன்.

எங்கள் ஊர் சூ

எனக்கு நாய் என்றால் உயிர் போகும். இது சும்மா வந்த பயம் இல்லை.

சின்ன வயதில் என் தம்பியைத் தெருநாய் கடித்தது. அம்மா ஓடிவந்து காயத்தில் மிளகாய்ப் பொடியை அப்பினாள். அவன் கத்திய கத்தலில் நான் அடுப்பங்கரையில் போய் ஒளிந்துகொண்டேன். நாய் கடித்ததற்குக் கத்தினானா, மிளகாய்க்குக் கத்தினானா என்று இன்றைக்கும் வீட்டில் ஒரு வழக்கு உண்டு. அப்புறம் தொப்புளைச் சுற்றி ஊசி. தினமும் டவுனுக்குப் பஸ்ஸில் போய்விட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடி வருவான். வீட்டில் வாங்கி வைத்திருந்த சேவு பொட்டலத்தை அவனுக்கென்று அப்படியே நான் விட்டுக்கொடுத்தது அந்த நாட்களில் மட்டும்தான்.

ஆகவே என் பிள்ளையை நடக்கப் பழக்கியபோதே நாயை விரட்டவும் பழக்கினேன். “ஏட்டி, நாய் வந்தா பயப்படக்கூடாது. குனிஞ்சு கல்லை எடு. கையை நீட்டு. ‘சூ’ன்னு சத்தமாச் சொல்லு. ஓடிரும்.” எங்கள் தெருவில் கோழிக்கும் சூ, காக்காய்க்கும் சூ, நாய்க்கும் சூ. வேட்டைக்கு நாய் வைத்திருப்பவர்கள் ‘சூ காட்டுவது’ என்று ஒன்றைச் செய்வார்கள் எனக் கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் தெருவில் எவரும் வேட்டைக்குப் போனதில்லை. எங்களுக்கு சூ என்றால் போய்த் தொலை என்று மட்டும்தான்.

இசக்கி கெட்டிக்காரி. வீட்டுக்குள் தலையணையை நாயாக வைத்து ஒத்திகை பார்ப்பாள். நான் ரசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பாவி, என்ன சொல்லிக் கொடுக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

குழாயடி

ரம்யாவைத் தூக்கிக்கொண்டு நான் லைனுக்கு ஓடினேன். கெண்டைக்காலிலிருந்து வழிந்த ரத்தம் என் சேலை முழுவதும். பின்னால் இசக்கி தண்ணீர் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

தனம் வாசலுக்கு வந்து பார்த்தாள், உள்ளே ஓடினாள், மஞ்சள்தூள் டப்பாவோடு திரும்பி வந்தாள். யாரோ காப்பித்தூள் என்றார்கள். யாரோ சுண்ணாம்பு என்றார்கள். எனக்கோ தம்பியின் மிளகாய்ப் பொடி ஞாபகம் வந்தது.

“ஒண்ணும் வெக்கக்கூடாது! எடு அத!” என்று கத்திக்கொண்டு வந்தார் நாகம்மா. டப்பாவைத் தட்டிவிட்டார். பிள்ளையைப் பிடுங்கிக் குழாயடியில் உட்கார வைத்து, துணி சோப்பை எடுத்துக் காயத்தில் நுரைக்க நுரைக்கப் போட்டார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று என்னைக் குழாயைப் பிடிக்கச் சொன்னார்.

“போதும்மா, வலிக்குது புள்ளைக்கி” என்று தனம் அழுதாள்.

“வலிக்கட்டும். கால் மணி நேரம் கழுவணும். எங்க பசுவ வெறிநாய் கடிச்சி செத்தப்ப டாக்டரு சொன்னாரு. அன்னிக்கி அந்த வாயில்லா ஜீவனுக்கு செய்யத் தெரியல எனக்கு.”

கழுவிவிட்டு, கட்டுக்கூடப் போடாமல் ஷேர் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கழுவிக்கொண்டு வந்தது நல்லது என்று டாக்டரம்மா சொன்னார். தொப்புளில் இல்லை, கையில்தான் ஊசி என்றார். காயம் ஆழம் என்பதால் காயத்தைச் சுற்றியும் ஒரு மருந்து ஏற்றினார்கள். அதற்கு ரம்யா துடித்த துடிப்பை நான் எழுதப் போவதில்லை. கடைசி ஊசி ஒரு மாதம் கழித்து, இடையில் ஒன்றைக்கூடத் தவறவிடக் கூடாது என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். “நாயைக் கட்டிப்போட்டுப் பத்து நாள் பாருங்க. யாரும் அடிச்சுக் கொன்னுடாதீங்க” என்றும் சொன்னார்கள்.

“யாராச்சும் சூ விட்டாங்களா?”

சாயங்காலம் குழாயடியில் ஆம்பளைகள் கூடிவிட்டார்கள். என் வீட்டுக்காரர்தான் எல்லாரையும்விடச் சத்தம். நாயைக் கொல்ல வேண்டும், இல்லையென்றால் ஒன்பது வீடும் காலி. பத்து நாள் பார்த்தாக வேண்டுமா, பார்க்கலாம். பதினோராம் நாள் கறியில் விஷம் வைத்துவிட வேண்டும்.

நாகம்மா மாட்டுக் கொட்டகையின் கல்தூணில் கரியாவைச் சங்கிலியால் கட்டிவிட்டு வந்தார். கண் சிவந்திருந்தது.

“உங்க புள்ளைங்க உசுரு எனக்கு முக்கியம்தான். கொல்லணும்னா கொல்லுங்க. ஆனா ஒண்ணு கேக்கறேன். மூணு வருசமா கரியா இங்கதான படுத்திருக்குது. ஒரு புள்ளைய மோந்து பாத்துதா? சும்மா கடிக்காது அது. யாராச்சும் சூ விட்டாங்களா?”

“சூ விடுறதுன்னா?” என்று பெரம்பலூர்க்காரர் கேட்டார்.

“சூன்னா பிடின்னு அர்த்தம். பன்னி வந்தா கையக் காட்டி ‘சூ’ம்போம். எது ஓடுதோ அத போய் பிடிக்கும். அதுக்குத் தெரிஞ்சது அதான்.”

என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்ற இசக்கி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். எதிரே தனம், தூங்கிப்போன ரம்யாவைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறாள்.

“நீதான கோமதி பக்கத்துல இருந்த? இன்னா நடந்துது?” என்று நாகம்மா என்னைக் கேட்டார்.

“தெரியலக்கா. நான் வர்றதுக்குள்ள கடிச்சிருச்சு” என்றேன்.

பொய்தான். என் மகளை, நாயைத் தூண்டிவிட்டவள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று சொன்ன பொய், இப்படித்தான் நான் எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவும் இல்லை. தனம் என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடுமே என்ற பயம். ஊர் விட்டு ஊர் வந்த இடத்தில் எனக்குக் கூடப்பிறந்தவளாக இருந்தவள் அவள் ஒருத்திதான்.

இன்னொரு சொல்

மூன்றாம் நாள் கொட்டகைப் பக்கம் போனேன். எதற்குப் போனேன் என்று தெரியாது. கரியா என்னைப் பார்த்ததும் எழுந்து சங்கிலியை இழுத்தது. பயத்தில் என் வாய் தானாக, “சூ, சூ” என்றது. அவ்வளவுதான். முடி சிலிர்த்து, சங்கிலி அறுந்துவிடும்படி பாய்ந்தது.

உள்ளே சாணி அள்ளிக்கொண்டிருந்த நாகம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “ஹச்சா!” என்றார். ஒரே ஒரு தடவை. நாய் வாலைத் தாழ்த்திக்கொண்டு தூணுக்குப் பின்னால் போய்ப் படுத்துவிட்டது.

கன்னடத்தில் நாயைப் போ என்று விரட்டுகிற சொல் ஹச்சாவாம். வந்து இத்தனை வருடமாகியும் எனக்குத் தெரியாது. கடைக்காரரிடம் சில்லறை கேட்கக் கன்னடம் கற்றுக்கொண்டேன், கண்டக்டரிடம் சண்டை போடத் தெலுங்கு கற்றுக்கொண்டேன். பக்கத்திலேயே படுத்துக்கிடந்த நாய் என்ன பாஷை என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

அன்று ராச்சோறு போடும்போது இசக்கி கேட்டாள்.

“அம்மா, கரியா நாம சொன்னதத்தான செஞ்சுச்சு?”

“பேசாமச் சாப்பிடு.”

“அப்ப அதை எதுக்குக் கொல்லணும்?”

நான் குழம்பை ஊற்றப் போனேன். அவள் தட்டை அப்படியே நகர்த்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் ரம்யா வீட்டுப் பக்கமே அவள் போகவில்லை. வாசலில் ரம்யா “இசக்கி, இசக்கி” என்று கூப்பிட்டால் உள்ளே போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வாள்.

தனமோ என்னைக் கொண்டாடினாள். “நீ மட்டும் அன்னிக்கி வரலன்னா எம் புள்ள என்ன ஆயிருக்கும்க்கா” என்று மேஜையில் இருந்த மற்றவர்கள் காதுபடச் சொன்னாள். தன் டப்பாவிலிருந்து முட்டையை எடுத்து என் சோற்றில் வைப்பாள். அந்த முட்டையை முழுங்குவதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மஞ்சள் புள்ளி

ஒன்பதாம் நாள் ஒரு பீஸ் திரும்பி வந்தது. உள்வளைவில் பொடி ஓட்டை. சூப்பர்வைசர் அதை மேஜையில் வைத்து வழக்கம்போல, “யாரு புள்ளி?” என்றார். மஞ்சள். “என்னுதுதான் சார்” என்று கையைத் தூக்கினேன். ரெஜிஸ்டரில் கையெழுத்துப் போடும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு இரும்புத் துண்டுக்கு உடனே கையைத் தூக்குகிறவள், ஒரு உயிருக்குத் தூக்க மாட்டேன் என்கிறேனே என்று என் மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

கேன்டீனில் தனம் டப்பாவைத் திறப்பதற்கு முன் சொல்லிவிட்டேன். கல், நீட்டிய கை, சூ, தலையணை ஒத்திகை, எல்லாம். “இசக்கி மேல தப்பு இல்லடி. நான் சொல்லிக் குடுத்தது. உன் பிள்ளை காலுல இருக்கது என் புள்ளி.”

தனம் சத்தம் போடுவாள், என்னை நாலு கேட்பாள் என்று காத்திருந்தேன். டப்பாவின் மூடியை மறுபடி போட்டு அழுத்தினாள்.

“தெரியாம சொல்லிக் குடுத்துட்ட. அது புரியுது. எங்கம்மாவும் எதயாச்சும் சொல்லித்தான் தந்திருக்கும்” என்றாள். அப்புறம், “ஒம்போது நாளு என் பக்கத்துலயே உக்காந்து சாப்ட்டியேக்கா” என்றாள்.

எழுந்து போய்விட்டாள். மறுநாளிலிருந்து நைட் ஷிப்ட் கேட்டு மாற்றி வாங்கிக்கொண்டாள். என் பக்கத்து நாற்காலியில் ஒரு புதுப்பெண் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு நீலக் கலர்.

பத்தாம் நாள் காலையில் குழாயடியில் எல்லார் முன்னாலும் சொன்னேன். குடம் நிறைந்து வழிந்ததை யாரும் கவனிக்கவில்லை. என் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாகம்மா என்னை அடிக்க வருகிற மாதிரி வந்து, “அய்யோ தேவுடா! ஏம்மா, முந்தியே வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன? பத்து நாளா அது மூஞ்சிய பாக்க முடியாம நான் அழுதுட்டு இருக்கறேன்” என்று கத்திவிட்டு, அங்கேயே சேலையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். விஷம் வைக்கிற பேச்சு அதோடு நின்றது. கரியாவும் நல்லபடியாகத்தான் இருந்தது. அந்த வாரமே நாகம்மா அதைக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஊசி போட்டு வந்தார்.

நாய் என்ன பாஷை?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளுக்கு என்ன சொல்லித் தருவது என்று பெரிய விவாதம். எல்லாரும் ஹச்சா சொல்லப் பழகலாம் என்றாள் ராமநாதபுரத்துக்காரி. ஹைவேயில் வேற நாய் வந்தால்? “எங்க பக்கம் ‘ச்சீ’ன்னா போதும்” என்றார் பெரம்பலூர்க்காரர். “அடிங்ன்னு கைய ஓங்குங்க” என்றது திருவண்ணாமலை. ஒவ்வொருத்தரும் தங்கள் ஊர் நாய்தான் ஒழுங்கான நாய் என்கிற மாதிரி பேசினார்கள். கொட்டகையில் கரியா எல்லாச் சத்தத்துக்கும் காதைத் தூக்கித் தூக்கிப் போட்டது.

நாய் கடித்த நாளுக்கப்புறம் முதல் தடவையாக இசக்கி நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தாள்.

“அது என்ன பாஷைன்னு நமக்குத் தெரியாதுல்ல. அப்ப ஒண்ணுமே சொல்லாம நின்னா என்ன?”

நாகம்மா தொடையில் தட்டிச் சிரித்தார். “அதான்! ஓடுறதத்தான் அது தொரத்தும். நிக்கறத மோந்துட்டுப் போயிடும்.”

அன்றைக்கு முடிவானதை இங்கே சொல்லிவிடுகிறேன், பிள்ளை வைத்திருக்கிறவர்களுக்குப் பயன்படும். நாய் கிட்டே வந்தால் ஓடக்கூடாது, கத்தக்கூடாது, கல்லெடுக்கக் குனியக்கூடாது. கை இரண்டையும் நெஞ்சில் கட்டிக்கொண்டு, அதன் கண்ணைப் பார்க்காமல் தன் காலைப் பார்த்தபடி நிற்க வேண்டும். அது போன பிறகு மெல்ல நகர வேண்டும். தின்கிற நாய், தூங்குகிற நாய், குட்டி போட்ட நாய், மூன்று பக்கமும் போகவே கூடாது. சின்னக் கீறலாக இருந்தாலும் வீட்டில் மறைக்கக் கூடாது. இதெல்லாம் பிள்ளைகளுக்கு. பெரியவர்களுக்கு ஒன்றுதான், வேன் ஏறும்வரை தினம் ஒரு ஆள் கூட நிற்க வேண்டும். சிக்கன் கடைக்காரர் கழிவு டிரம்முக்கு மூடி வாங்கிப் போட்டார். கழிவு கிடந்தால் நாய் கூடும், மூடி இல்லாமல் மற்ற எதுவும் பலிக்காது என்று நாகம்மா அவரிடம் மூன்று பாஷையில் சொல்லியிருந்தார்.

போன மாதம்கூட ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு இளம் அம்மா குழந்தையை இழுத்துக்கொண்டு ஓட, பின்னால் மூன்று நாய். “நில்லும்மா!” என்று நான் போட்ட சத்தத்தில் அவள் நின்றாள், நாய்களும் நின்றன, டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு டிரைவரும் எழுந்து நின்றுவிட்டார்.

வேன் வரும் நேரம்

கடைசி ஊசி போட்ட மறுநாள் ரம்யா பள்ளிக்கூடம் கிளம்பினாள். அன்றைக்குக் கூட நிற்கும் முறை எனக்கு. கால் கட்டை அவிழ்த்துவிட்டார்கள், கெண்டைக்காலில் நாலு பல் தடம் கருஞ்சிவப்பாக இருந்தது. இசக்கி அவள் கையைப் பிடிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் பையைத் திருகிக்கொண்டு நின்றாள். ரம்யாவே வந்து பிடித்துக்கொண்டாள்.

நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய தனம், வீட்டுக்குப் போகாமல் நேராக வேன் நிற்கும் இடத்துக்கு வந்தாள். ஏப்ரன்கூடக் கழற்றவில்லை, மார்க்கர் இன்னும் அதன் பையில். என்னிடமிருந்து நாலடி தள்ளி நின்றாள். மூன்று வாரமாக அவள் குரலைச் சுவருக்கு அந்தப் பக்கம் மட்டும்தான் கேட்டிருந்தேன். நான் தார் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது சிக்கன் கடைக்குப் பின்னாலிருந்து கரியா வந்தது.

வேனுக்குக் காத்திருந்த ஐந்து பிள்ளைகளும் அப்படியே நின்றார்கள். பத்துக் கைகளும் நெஞ்சுக்கு ஏறின. ஐந்து தலைகள் குனிந்தன. இசக்கி அரை அடி நகர்ந்து ரம்யாவின் தோளோடு தோள் ஒட்டிக்கொண்டாள். கரியா வரிசையாக மோந்துகொண்டு வந்தது. முதல் பிள்ளை, இரண்டாவது பிள்ளை. ரம்யாவின் காலுக்கு வந்ததும் நின்றுவிட்டது.

எனக்கு வாய் நின்றால்தானே! எத்தனை ஞாயிற்றுக்கிழமை பாடம் நடத்தினாலும் கோவில்பட்டி நாக்கு கோவில்பட்டி நாக்குதான். மூச்சை இழுத்து, உதட்டைக் குவித்து, “ச்...” வரைக்கும் வந்துவிட்டது.

படக்கென்று ஒரு கை வந்து என் வாயைப் பொத்தியது. தனம்.

அழுத்திப் பொத்தினாள், பல் வலிக்கிற மாதிரி. உள்ளங்கையில் மார்க்கர் பெயிண்டின் தின்னர் வாடை. நாங்கள் இரண்டு பேரும் அசையவில்லை. கரியா அந்தத் தழும்பை மோந்தது, தும்மியது, ரோட்டைக் கடந்து டீக்கடைப் பக்கம் போய்விட்டது. வேன் வந்தது. “இஸ்க்கி, ஏறு ஏறு” என்று டிரைவர் ஹார்ன் அடித்தார். பிள்ளைகள் ஏறினார்கள், ரம்யா ஜன்னல் வழியாக அம்மாவுக்குக் கையாட்டினாள், வேன் திரும்பி ஹைவேக்கு ஏறியது.

தனம் இன்னும் கையை எடுக்கவில்லை. என் கண்ணிலிருந்து வழிந்தது அவள் விரலில் பட்ட பிறகுதான் எடுத்தாள்.

“உன் வாய வெச்சிகினு நான் என்னக்கா பண்றது” என்றாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் என் வீட்டுக்காரர் முகத்தை உற்றுப் பார்த்தார். “என்ன இது, கன்னத்துல பச்சையா?”

கண்ணாடியில் பார்த்தேன். உதட்டுக்குப் பக்கத்தில் ஒழுகின மார்க்கரின் விரல் தடம், இன்னும் காயாமல் இருந்தது.

“பாஸ் ஆயிட்டேன்” என்றேன்.